தாவ்தாவுக்குக் கிடைத்த எழுத்து

பிப்ரவரி 20, திங்கள்

தாவ்தாவ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஆறாம் வகுப்பின் கடைசிப் பருவம் இன்று தொடங்கியது. மொழி டீச்சர் ஆளுக்கொரு சீன எழுத்து கொடுத்திருக்கிறாராம், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழுச் சொல். அந்த எழுத்து வருகிற சொற்கள், தொடர்கள் எல்லாவற்றையும் பருவம் முடிவதற்குள் திரட்டி, வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். பக்கத்தில் உட்காருகிறவளுக்கு 'வானம்'. பின்னால் இருக்கிறவளுக்கு 'மனம்'. இவளுக்கு 'சாப்பிடு'.

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா. குண்டுப் பொண்ணுக்குப் பொருத்தமா குடுத்திருக்காங்கன்னு."

"சிரிக்கட்டும். வானத்துக்கு அவ தலைகீழா நின்னாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். உனக்குச் சுவர் பத்தாது பாரு."

உண்மைதான். நம் பேச்சில் எதைத்தான் சாப்பிடாமல் விட்டோம்? பொறாமைப்பட்டால் வினிகர் சாப்பிடுகிறோம். கஷ்டப்பட்டால் கசப்பு சாப்பிடுகிறோம். ஏமாந்தால் நஷ்டம் சாப்பிடுகிறோம். திடுக்கிட்டால் அதிர்ச்சியைச் சாப்பிடுகிறோம்.

சாப்பாட்டுக்கு வந்த அவள் அப்பா லூபிங்கும் ஒன்று கொடுத்தார். "மென்சோறு சாப்பிடுறவன்னு எழுதிக்க. பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து தின்கிறவன். மாதிரி பாக்கணும்னா இங்க இருக்கேன்." மூன்று பேரும் சிரித்தோம். சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, அவர் புது வீட்டுக்குப் போய்விட்டார்.

பழகிவிட்டது என்று எழுத வந்தேன். எங்கே பழகியது? அக்டோபரில் காகிதத்துக்காக விவாகரத்து செய்துகொண்டோம். ஏற்கனவே ஒரு வீடு வைத்திருக்கும் தம்பதிக்கு இரண்டாவது வீடு வாங்க வங்கி லேசில் கடன் தராது. வீடில்லாத ஒற்றை ஆளுக்குத் தரும். வீட்டுத் தரகர் சொன்னார், எல்லாரும் செய்கிறார்கள் என்று. எங்கள் மாடிப்படியிலேயே செய்தவர்கள் இருக்கிறார்கள். பழைய வீடு எனக்கு, அவர் கட்டின துணியோடு வெளியே. அப்புறம் அவர் பெயரில் நல்ல நடுநிலைப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வீட்டுச் சொந்தக்காரரின் குடும்பப் பதிவில் பிள்ளை இருந்தால்தான் பள்ளியில் இடம். அதனால் தாவ்தாவும் காகிதத்தில் அவருக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்க் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டோம். "முன்னாள் மனைவியே, அந்த மிளகாயை எடுங்க" என்றார். எனக்குப் புரையேறியது.

பள்ளி இடம் உறுதியானதும் மறுபடி கல்யாணப் பதிவு. மே மாதம் என்கிறார். அதுவரை விவாகரத்து நிஜம்தானா என்று யாராவது சோதிக்க வரலாம், ஒரே வீட்டில் இருக்க வேண்டாம் என்று தரகர் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 2, வியாழன்

மருந்துக்கடையில் கூட்டமில்லை. என்கூட வேலை செய்யும் குய் அக்கா கவுண்டரைத் துடைத்துக்கொண்டே தாவ்தாவுக்குச் சொற்கள் கொடுத்தார். கிறுக்குத்தனமாக நடந்துகொள்கிறவனிடம் "தப்பு மருந்து சாப்பிட்டியா" என்று கேட்பது. யாராவது உறுதி சொன்னால் "நிம்மதி மாத்திரை சாப்பிட்டேன்" என்பது. "மருந்துக்கடைக்காரி பொண்ணு, இதெல்லாம் எழுதலேன்னா மானம் போயிடும்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உனக்கு அந்த நிம்மதி மாத்திரை எப்ப? மறுபடி பதியறதுக்குத் தேதி பாத்தீங்களா?"

"மே மாசம்."

"மொதல்ல புத்தாண்டுன்ன. அப்புறம் கடன் வரட்டும்ன."

"அக்கா, பதினாலு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்."

"நான் ஒண்ணும் சொல்லல தாயே. கேட்டேன்."

மார்ச் 9, வியாழன்

லூபிங் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் பழுதாம், சரிசெய்யப் போக வேண்டுமாம்.

மார்ச் 18, சனி

இன்று வந்தார். கத்தியால் சீவின நூடுல்ஸ் செய்தேன், அவருக்குப் பிடித்த மாதிரி தடிமனாக. வினிகர் புட்டியை நகர்த்தினேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். எங்கள் ஊர் தாய்யுவான்காரன் எவனும் வினிகர் இல்லாமல் நூடுல்ஸ் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

"அப்பா, வினிகர் சாப்பிட மாட்டேங்கிறியே, உனக்குப் பொறாமையே வராதா?" என்று தாவ்தாவ் சீண்டினாள். "அப்ப நம்ம ஊர்ல எல்லாருமே பொறாமைக்காரங்களா?"

"வயிறு எரியுது, வேற ஒண்ணுமில்ல."

நாளைக்குக் கடையிலிருந்து நெஞ்செரிச்சல் மாத்திரை கொண்டுவர வேண்டும். லிஃப்டுக்குள் குனிந்து நிமிர்ந்து வேலை, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. பின்னே வயிறு என்ன ஆகும்?

ஏப்ரல் 2, ஞாயிறு

முன்னோருக்குப் படைக்கும் கல்லறைத் திருநாள் வருகிறது. அவர் தாத்தாவுக்குப் பிடித்த வேகவைத்த மாவு உருண்டை செய்ய மாவு பிசைந்து வைத்திருந்தேன். லூபிங் போன் செய்தார். இந்த வருஷம் நான் வர வேண்டாமாம். சொந்தக்காரர்களில் யாராவது வாய் தவறிச் சொல்லி, பதிவு விஷயம் வெளியே போய்விடுமாம்.

"செத்துப்போனவங்களுமா காகிதம் பாக்குறாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம்தான, மின்ஜுவான்."

தாவ்தாவை மட்டும் அனுப்பச் சொன்னார். உருண்டைகளையும் கொடுத்து அனுப்புவேன். மாவு வீணாகக் கூடாது.

ஏப்ரல் 4, செவ்வாய்

தாவ்தாவ் வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "அம்மா, அப்பா ஆபீஸ் ஷென் ஆன்ட்டி வந்தாங்க" என்றாள்.

"எங்க?"

"மலைக்கு. கல்லறைக்கு. தெக்கே நிங்போ ஊர்க்காரங்களாம். நம்ம வினிகர் வாடையே ஆகாதாம், படையல்ல புட்டி இருந்துச்சுன்னு கார் ஜன்னலைத் திறந்துட்டே வந்தாங்க."

அப்புறம் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தாத்தா ஊதுபத்தி ஏற்றிவிட்டு, பெரிய தாத்தாவின் கல்லிடம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னாராம். அவளும் மூன்று முறை குனிந்தாளாம்.

வேலை செய்யும் இடத்து ஆளை யாராவது குடும்பக் கல்லறைக்குக் கூட்டிப் போவார்களா? கல்யாணமான வருஷம் என்னை அப்படித்தான் நிறுத்தினார்கள். என் பெயரை இதே மாமனார்தான் சத்தமாகச் சொன்னார், தாத்தாவுக்குக் காது கேட்காது என்று. அன்றைக்கு நான் அந்த வீட்டுப் பெண் ஆனேன். அந்த இடத்தில் இன்று அவளை நிறுத்தி, என் கையால் பிசைந்த உருண்டையைப் படைத்திருக்கிறார்கள்.

வயிறு எரியுதாம். நான் மாத்திரை வேறு கொண்டுபோய்க் கொடுத்தேனே. அடி பைத்தியக்காரி.

ஏப்ரல் 5, புதன்

வேலைக்குப் போனேன். இருமல் மருந்து கேட்டவருக்கு மலச்சிக்கல் மருந்து எடுத்து வைத்தேன். குய் அக்கா ஒன்றும் கேட்காமல் என்னைப் பின்னறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அங்கே அழுதேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு.

ஏப்ரல் 8, சனி

புது வீட்டுக்குப் போனேன். அழைப்புமணியை அழுத்தினேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. கதவு திறக்கவில்லை. வாசலோடு திருப்பி அனுப்பப்படுவதற்கு நம் பேச்சில் சாத்தின கதவின் சூப்பைச் சாப்பிடுவது என்று பெயர். போன வாரம்தான் நான் தாவ்தாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். நான் தேடித் தேடிச் சேர்த்த முன்பணமும் இருக்கிற வீடு, அதன் வாசலில் நின்று குடித்தேன் அந்தச் சூப்பை.

கடைசியில் அவன் வெளியே வந்தான். கதவைப் பின்னால் சாத்திக்கொண்டுதான் வந்தான்.

"உள்ள யாரு?" என்றேன்.

"சத்தம் போடாத. பக்கத்து வீட்டுக்காரங்க புதுசு."

"என்னைக்கு மறுபடி பதியப்போற? அதை மட்டும் சொல்லு. நான் போயிடறேன்."

படியில் யாரோ ஏறி வந்தார்கள், அவர்கள் தாண்டிப்போகும் வரை இருவரும் லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றோம்.

"நான் எதையும் திட்டம் போடல. சத்தியமா அன்னைக்கு நம்ம கணக்கு ஒண்ணுதான். ஆனா இங்க தனியா இருந்தப்ப... மூச்சு விட முடிஞ்சுது, மின்ஜுவான். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"என்கூட இருந்தப்ப மூச்சு விடாமத்தான் குறட்டை விட்டியா?"

"நீ என்னை 'நீங்க'ன்னுதான கூப்பிடுவ?"

"அது என் புருஷன. உன் காகிதப்படி நீ யாரோ."

நன்றாகத்தான் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்துக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடும் கிண்ணத்தைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று. ஏமாற்ற நினைத்து ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். என்னை விட்டு விலகிப் பார்த்தானாம், நன்றாக இருந்ததாம். இதற்கு நான் என்ன சொல்வது? யாரிடம் சொல்வது?

மே 12, வெள்ளி

குய் அக்காவின் மைத்துனர் வக்கீல். மரியாதையாகப் பேசினார், தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஆனால் சொன்னதெல்லாம் கல்.

"சட்டத்துல பொய் விவாகரத்துன்னு ஒண்ணு கிடையாதுங்க. கையெழுத்துப் போட்டீங்க, முத்திரை குத்தினாங்க, முடிஞ்சுது. வாய்ப்பேச்சுல அவர் என்ன சத்தியம் பண்ணியிருந்தாலும் செல்லாது."

"வீடு போகட்டும். என் பொண்ணு?"

"அது வேற. கோர்ட்டுல கேட்கலாம். பத்து வயசு தாண்டின பிள்ளை, அவ விருப்பத்தைக் கேப்பாங்க. உங்ககூடன்னு அவ சொன்னா நிறைய வாய்ப்பு இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. அவ பதிவு உங்க பக்கம் வந்துச்சுன்னா, அந்தப் பள்ளிக்கூட இடம் போயிடும்."

வெளியே வந்ததும் குய் அக்கா கேட்டார், நம் கடையில் எல்லா மருந்தும் இருக்கிறது, பண்ணினதை நினைத்து வருந்துகிறவளுக்குச் சாப்பிட ஒரு மருந்து எவனும் கண்டுபிடிக்கவில்லையே என்று. இருந்தால் முதல் புட்டி எனக்குத்தான். இந்த விவாகரத்துக்குச் சரி என்று முதலில் தலையாட்டியது நான்.

மே 13, சனி

தாவ்தாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சட்டியில் நேராகச் சாப்பாட்டுக் குச்சியை விட்டு, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை முறை சொன்னாலும் தட்டில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மலையிலேயே. வேணும்னுதான் வந்தவுடனே உன்கிட்ட சொன்னேன். நீ பாட்டுக்கு மே மாசம் மே மாசம்னு இருந்த."

பதினோரு வயது. நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டில் என்ன கேட்பார்கள் என்று சொன்னேன். பள்ளி இடம் போய்விடும் என்பதையும் சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "உன்கூடன்னு சொல்றேன். ஸ்கூல்தான, போனா போகுது. இங்க பக்கத்துலேயே ஒண்ணு இருக்குல்ல?"

அவளைக் கட்டிக்கொண்டேன். சட்டி கவிழ்ந்தது. இரண்டு பேரும் குனிந்து துடைத்தோம். பல வாரத்துக்குப் பிறகு இன்று எனக்குப் பசித்தது.

மே 24, புதன்

இங்கே பக்கத்தில் இருக்கும் நடுநிலைப்பள்ளியைப் பள்ளி விடும் நேரத்தில் போய்ப் பார்த்தேன். மதிலோரம் பையன்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாசல் காவலாளி அவர்களுக்குத் தீப்பெட்டி கொடுக்கிறார். பாதிப் பேர் மேல்நிலைக்குப் போவதில்லை என்று பெட்டிக்கடைக்கார அம்மாள் சொன்னார், வாழைப்பழம் விலை சொல்கிற மாதிரி.

மே 25, வியாழன்

கோர்ட்டுக்குப் போகலாம். போகக் கூடாது. போகலாம்.

மே 30, செவ்வாய்

டிராகன் படகுத் திருநாள். இலையில் மடித்த சாதம் செய்யவில்லை. குய் அக்கா கொடுத்ததைத் தின்றோம். தாவ்தாவ் வக்கீலை எப்போது பார்க்கப் போகிறோம் என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றேன்.

ஜூன் 10, சனி

கோர்ட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

புது வீட்டுப் பக்கத்துப் பள்ளியையும் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் விவாதம் செய்துகொண்டே வெளியே வந்தார்கள், ஏதோ கணக்கைப் பற்றி. ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், அப்படியே என் தாவ்தாவ். இந்த இடத்துக்காகத்தான் அவள் அப்பாவை விட்டேன், தெரியாமல் விட்டேன். கிடைத்த ஒன்றையும் இப்போது கோபத்தில் உடைத்துப் போட்டால் எனக்கு ஆறும். அவளுக்கு?

லூபிங்குடன் போனில் பேசினேன். தாவ்தாவ் வாரநாட்களில் அங்கே, சனி ஞாயிறு இங்கே. பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம், பிள்ளை உண்மையில் அங்கேதான் வசிக்கிறதா என்று. அவன் நன்றி என்று சொன்னான். என்னிடம் அவன் நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "சாப்பாட்டுக்குக் கவலைப்படாத, ஷென் நல்லா சமைப்பா" என்றும் சொன்னான். போனை வைத்துவிட்டேன்.

தாவ்தாவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நான் உன்கூடன்னு சொன்னேன்ல?"

"சொன்ன, கண்ணு. உன் நல்லதுக்குத்தான்..."

"அப்பா வேணாம்னாரு. இப்ப நீயும் வேணாம்ங்கிற."

"அப்படி இல்லடி..."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தின விதம் மெதுவாக இருந்தது. யார் வீட்டிலோ கதவைச் சாத்துவது போல.

ஜூன் 29, வியாழன்

பெற்றோர் கூட்டம். வகுப்புச் சுவர் முழுக்கப் பிள்ளைகள் திரட்டிய எழுத்துகள். வானத்துக்காரி பாவம், ஒரு தாளோடு நிற்கிறாள். தாவ்தாவின் 'சாப்பிடு' ஜன்னலைத் தாண்டி மூலை வரைக்கும் போயிருந்தது. டீச்சர் மெச்சினார். லூபிங்கும் வந்திருந்தான், சுவரின் அந்தப் பக்கம். இரண்டு பேரும் ஒரே சுவரை இரண்டு முனையிலிருந்து படித்தோம்.

கசப்பு இருந்தது. நஷ்டம், அதிர்ச்சி இருந்தன. சாத்தின கதவின் சூப், நிம்மதி மாத்திரை, தப்பு மருந்து, அவன் சொன்ன மென்சோறு கூட இருந்தது. வினிகர் மட்டும் இல்லை. இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் முதலில் தெரிகிற சொல் அது.

வரும் வழியில் கேட்டேன். "எடம் பத்தல" என்றாள். கீழே ஒரு முழம் சுவர் காலியாக இருந்தது, நான் பார்த்தேன். பொறாமைக்காரி என்று என்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று எடுத்திருக்கிறாள். என்மேல் அத்தனை கோபத்தோடும் எடுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 30, புதன்

பெட்டி கட்டினோம். குளிர்காலத் துணி வேண்டாம், அப்புறம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். இல்லை, எல்லாம் இருக்கட்டும் என்றாள்.

செப்டம்பர் 1, வெள்ளி

காலையில் பள்ளி வாசலில் விட்டேன். சீருடை பெரிதாக இருக்கிறது. திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். வேலைக்குப் போனேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

இந்த வாரக் கடைசி வர மாட்டாளாம். பள்ளியில் புதுப் பிள்ளைகளுக்கு ராணுவப் பயிற்சி, களைப்பு. போனில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன். ஆகவில்லை.

செப்டம்பர் 16, சனி

இந்த வாரமும் இல்லை. நிங்போவிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்கள் கல்யாணப் பதிவு முடிந்துவிட்டது போலிருக்கிறது. குய் அக்கா ஒரு நல்ல மனிதர் இருக்கிறார், பார்க்கிறாயா என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மாத்திரை அடுக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 23, சனி

தாவ்தாவ் வந்தாள்.

காலையிலிருந்தே அடுப்பில்தான் நின்றேன். பன்றி விலாவும் உருளைக்கிழங்கும் வதக்கி, தடிமனாக நூடுல்ஸ் சீவி வைத்தேன். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், கொஞ்சம் உயர்ந்திருக்கிறாள். கணக்கில் வகுப்பிலேயே மூன்றாவதாம். டீச்சரைப் பற்றிச் சொன்னாள், புதுத் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டதற்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னாள். செருப்பை வாசலில் நேராக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்திருந்தாள், அதை அப்புறம்தான் பார்த்தேன்.

நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படிக்குள் போவது தெரிந்தது. சட்டி மூடியைத் திறக்கும் சத்தத்துக்குக் காது வைத்திருந்தேன். 'தட்டுல போட்டுக்கடி' என்று கத்த வாயில் தயாராகவும் வைத்திருந்தேன். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இதுலேர்ந்து நான் கொஞ்சம் சாப்பிடலாமா?"

"சாப்பிடு" என்றேன்.

அலமாரியைத் திறந்து ஒரு கிண்ணம் எடுத்தாள். கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.